பள்ளத்தின் மேல் போகும் லைன்

புழுக்கமாக இருந்தால் அந்த ஜன்னலைத் திறந்துவிடுங்கள் ஐயா. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டினால் பழவேற்காட்டில் கடல்காற்று ஏறிவிடும். மேசைமேல் இருக்கிற காகிதங்கள் கொஞ்சம் படபடக்கும், அவ்வளவுதான். இந்தக் காற்றை அளப்பதுதான் இத்தனை நாளாக எனக்கு வேலை.

என்னைச் சாட்சி என்றுதான் ஸ்டேஷனுக்கு அழைத்திருக்கிறீர்கள். லைன்மேன் ரியாசுதீன் கவனக்குறைவாக மின்சாரத்தை விட்டாரா என்று கேட்கப்போகிறீர்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் லைன் ஏன் அந்த இடத்தில் போகிறது என்று தெரியாமல் அந்தப் பதில் உங்களுக்குப் புரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் துளசிங்கம். லைட்ஹவுஸ் குப்பத்தை அடுத்த சின்னக் குப்பத்தில் பிறந்தவன். கடலுக்குப் போகாமல் படித்து, காற்றாலைத் திட்டத்தில் உதவிப் பொறியாளர் ஆனேன். எண்பத்து நான்கில் எங்கள் குப்பத்துக்குப் பக்கத்து மணல்மேட்டில் காற்றை அளக்க உயரமான கம்பம் நட்டார்கள். முதலில் மணலில் சில காற்றாலைகள்; அவை நன்றாக ஓடினால் அடுத்து கடலுக்குள்ளேயே ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து நடலாம் என்பார் எங்கள் மேலதிகாரி. அப்படிச் சொல்லும்போது அவர் முகமே மாறிவிடும். கடலில் நிற்கும் காற்றாலை எப்படி இருக்கும் என்று எனக்கும் கனவெல்லாம் வந்திருக்கிறது.

காற்றுக்குக் குறையில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. மணல்மேட்டில் உண்டாகும் மின்சாரத்தை ஏரியைத் தாண்டி இந்தக் கரைக்குக் கொண்டுவந்து, திருப்பாலைவனம் பக்கம் போகிற பெரிய லைனில் சேர்க்க வேண்டும். அதற்கு வழி பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஊர்க்காரன், ஏரி தெரிந்தவன் என்பதால்.

வழி இரண்டு இருந்தது. மணல்திட்டோடு தெற்கே காட்டுப்பள்ளி வரை போய், அங்கிருந்து சுற்றிக்கொண்டு வருவது ஒன்று. அது மிக நீளம். மற்றொன்று ஏரியைக் குறுக்கே நேராகக் கடப்பது. ஏரியில் பெரும்பாலும் இடுப்பளவு தண்ணீர்தான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஆழம். பள்ளம் என்று நாங்கள் சொல்லுவோம். முகத்துவாரத்துக்குப் போகிற படகும் குப்பத்துக்கு வருகிற படகும் அதன் வழியாகத்தான் போகும். அங்கே பாய்மரத்துக்கு மேலே கம்பி போக வேண்டுமானால் உயரமான இரும்புக் கோபுரங்கள் நிறுத்த வேண்டும். அடியில் இருப்பது சேறு. அஸ்திவாரத்துக்கே பெரும் செலவாகும். மேலதிகாரி இரண்டு கணக்கையும் பார்த்துவிட்டு, இப்படியானால் திட்டம் தெற்கு மாவட்டத்துக்குப் போய்விடும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

பள்ளத்தில் பாய்ப்படகே போவதில்லை என்றால் சாதாரணக் கம்பங்கள் போதும். நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். கோல் ஊன்றித் தள்ளுகிற படகுகள் மட்டும் போகின்றன என்று.

அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆழம் பார்க்க என்னை அந்த இடத்துக்குக் கூட்டிப்போனதே ஒரு பாய்ப்படகுதான். ஓட்டியவர் கோதண்டம். என் தங்கை அங்காளம்மாளின் வீட்டுக்காரர். அதற்கும் முன்னால் என் சிநேகிதர். நான்தான் அவருக்குத் தங்கையைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று நைனாவிடம் அடம்பிடித்தவன். அன்றைக்குப் பள்ளத்தின் நடுவில் பாயை ஏற்றியபடியே அவர் சொன்னார்.

"இந்த எடத்துல மட்டும் பாய எறக்கவே கூடாது மச்சான். தண்ணி இழுத்துகினு போயி சேத்துல சொருவிடும். காத்த புடிச்சிகினு தாண்டிடணும்."

நான் தலையாட்டினேன். ஆழத்தை மட்டும் குறித்துக்கொண்டேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். எங்கள் குப்பத்துக்கு வெளிச்சம் வர வேண்டும் என்பதற்காகத்தான். அப்போதும் அப்படித்தான் சொன்னேன், இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். கம்பம் நட ஆரம்பித்தபோது தங்கை சந்தோஷப்பட்டாள். அண்ணன் கொண்டுவருகிற கரண்டு என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னாள். ஆனால் குப்பத்துக்கு இறங்குகிற மாதிரி எந்த டிரான்ஸ்ஃபார்மரும் திட்டத்தில் இல்லை. மணல்மேட்டிலிருந்து கிளம்புகிற மின்சாரம் எங்கள் கூரைகளுக்கு மேலே போய் ஏரியைத் தாண்டிவிடும். பின்னால் எழுதிக் கேட்டு வாங்கலாம் என்று நினைத்தேன். அதனால் அவளிடம் எதையும் மறுத்துச் சொல்லவில்லை.

கம்பி இழுத்த பிறகு வெயில் காலம் வந்தது. வெயிலில் கம்பி தளர்ந்து தொய்யும். பாய்மரங்களின் நுனி அதில் உரச ஆரம்பித்தது. மின்சாரம் விடாத கம்பி என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சிலர் அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டுகூடப் போனார்கள். கோதண்டம் சிரிக்கவில்லை. ஆபீசுக்கே வந்து உயர்த்தச் சொன்னார். சொல்கிறேன் என்றேன். மறுபடியும் வந்தார். அதற்கும் அதே பதில்தான். கம்பத்தை உயர்த்தச் சொன்னால் முதலில் ஏன் தெரியவில்லை என்று கேட்பார்கள். நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்று தேடுவார்கள். வேலையோடு போகாது ஐயா. ஊர்க்காரன் என்று நம்பிக் கொடுத்த வேலை அது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள். மறுநாள் காலையில்தான் லைனில் மின்சாரம் விடுவோம், அதற்குப் பிறகு பள்ளத்தில் யாரும் பாயோடு போகக் கூடாது என்று ஊர்ப் பெரியவர் ராஜவேலு மூலமாக எல்லாக் குப்பங்களுக்கும் சொல்லியாயிற்று. மேலதிகாரி அன்று சாயங்காலமே பட்டணத்திலிருந்து வருவதாக இருந்தது. காலையில் கோதண்டம் படகுத்துறையில் என்னைப் பார்த்தார். சண்டை ஒன்றும் போடவில்லை. என் தோளில் கை வைத்துத்தான் பேசினார்.

"பெரிய சாரு வந்தா நானே பாத்து சொல்லிடறேன் மச்சான். ஒன்னிய பத்தி தப்பா சொல்ல மாட்டேன். இட்டுகினு போயி காட்டனவன் நான்தானே, எனக்கும் அதுல பங்கு இருக்குது இல்ல?"

அவரிடம் கள்ளம் கிடையாது. காட்டினேன் என்று சொன்னால் பாய்ப்படகு போவது எனக்கு முன்பே தெரியும் என்று ஆகிவிடும் என்பது அவர் மனதில் தோன்றவே இல்லை. சரி என்றேன். பழவேற்காட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டு, காற்று ஏறினதும் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய அதிகாரி வருவதற்கு முன்னால் லைனில் ஒரு தடவை மின்சாரம் விட்டுச் சோதித்துப் பார்ப்பது எங்கள் வேலைமுறையில் உள்ளதுதான். யாரும் அதைத் தவறு என்று சொல்ல முடியாது. மதியம் நானும் ரியாசுதீனும் ஏரிக்கரையில் ஸ்விட்ச் இருக்கும் கம்பத்தடிக்குப் போனோம். அங்கிருந்து பார்த்தால் பள்ளம் தெரியும். ரியாசுதீன் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"ஒரு பாயி வருது சார். அது தாண்டட்டும், அப்பால விடலாம்."

ஆமாம், தாண்டட்டும் என்றேன். ரப்பர் கையுறை ஜீப்பில் இருக்கிறது, எடுத்துவாருங்கள் என்று அனுப்பினேன். ஜீப் சாலையோரம் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. அவர் நான் காத்திருப்பேன் என்று நம்பித்தான் போனார். நல்ல மனிதர். சட்டத்துக்குப் பயந்தவர்.

பாய் நன்றாகத் தெரிந்தது. மூலையில் நீலத் துணி ஒட்டுப் போட்ட பாய். அந்த ஒட்டைத் தைத்தது என் தங்கை. படகின் பின்புறத்தில் ஒரே ஆள் நின்றுகொண்டிருந்தார். பக்கவாட்டுக் கடல்காற்றைப் பிடித்துப் படகு வேகமாக வந்தது. கம்பி தொய்ந்து, தண்ணீரின் மினுமினுப்பில் கோடாகத் தெரிந்தது. நான் அவசரப்படவில்லை ஐயா. அவர் திரும்பிவிட மாட்டாரா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அங்கே எப்படித் திரும்ப முடியும்? தண்ணீர் இழுக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். கைப்பிடியைத் திருப்பினேன். லைனில் மின்சாரம் ஏறியது. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு பாய்மரத்தின் நுனி கம்பியைத் தொட்டது.

சத்தம் பெரிதாக இல்லை. பாய் எரிந்தது. ரியாசுதீன் கையுறையோடு ஓடி வந்து, என்னைத் தள்ளிவிட்டுக் கைப்பிடியைத் திருப்பி மின்சாரத்தை நிறுத்தினார். ஜனங்கள் ஓடி வந்தபோது கையுறை போட்ட கையோடு ஸ்விட்ச் பக்கத்தில் நின்றவர் அவர்தான். அவரைத்தான் பிடித்தார்கள், அடித்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் படகை நோக்கித் தண்ணீரில் இறங்கிவிட்டேன். அதிர்ச்சி தெளிந்து அவர் என் பெயரைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. செத்தது என் சொந்த மச்சான் அல்லவா? யார் நம்புவார்கள்?

படகைக் கரைக்கு இழுத்து வந்தபோதுதான் உள்ளே இன்னொருவர் இருந்தது தெரிந்தது. அங்காளம்மாள். வெயிலுக்குப் பாயின் நிழலில் படகின் அடியில் உட்கார்ந்திருக்கிறாள். மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு அவள் எப்போதும் நடுப்பகலுக்கு முன்னாலேயே வேறு படகில் திரும்பிவிடுவாள். அன்று ஏன் தங்கினாள் என்று எனக்குப் புரியவில்லை. அவளுடைய கூடையைத் திறந்து பார்த்தேன். வைக்கோலில் பத்திரமாகச் சுற்றிய ஒரு பல்பு. விழாவுக்குப் பிறகு விலை ஏறிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடை கடையாகத் தேடி வாங்கியிருக்கிறாள். அது உடையாமல் இருந்தது.

ஊரே என்னைத் தேற்றியது. மேலதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். விழாவைத் தள்ளிவைத்தார்கள். தடை மறுநாளிலிருந்துதான் என்பதை மறந்து, அந்தப் பாய்ப்படகு தடையை மீறி வந்ததாக ஒரு பக்கம், லைன்மேன் நேரம் தவறி விட்டுவிட்டதாக இன்னொரு பக்கம் பேசினார்கள். வழி எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படியே இருந்திருக்கலாம்.

ஆனால் ரியாசுதீன் மனைவி சுராயா தினமும் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு இந்த ஸ்டேஷனுக்கு வருகிறார். நேற்று என்னை வாசலில் பார்த்துவிட்டு நின்றார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"உங்க தங்கச்சியும் போயிட்டாங்க, உங்ககிட்ட கேக்கறது தப்புதான் அண்ணே. எங்க வூட்டுக்காரரு பயத்துல உங்க மேல பழி போடறாரு. மன்னிச்சிடுங்க. அவரு வேணும்னு செய்யலன்னு ஒரு வார்த்த மட்டும் சொல்லுங்க."

தன் புருஷனே பொய் சொல்வதாக அந்தப் பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக என்னால் முடியவில்லை. அதனால்தான் இன்று நீங்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். ரியாசுதீன் ஒரு குற்றமும் செய்யவில்லை. மின்சாரத்தை விட்டவன் நான். படகு வருவது தெரியும். அது கோதண்டத்தின் படகு என்று தெரியும். கம்பி எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று எல்லோரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

இதைக் கேட்டுவிட்டு லைனையே வேறு பக்கம் மாற்றச் சொல்லுவார்கள். அது தேவையில்லை. அந்த வழி சரியான வழிதான், கம்பத்தை மட்டும் உயர்த்தினால் போதும். அப்புறம், அங்காளம்மாள் சாவைத் தனியாக விபத்து என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. என் தங்கைக்கு நான் ஒரு நாளும் கெடுதல் நினைத்தவனில்லை.