இல்லாததை வாசிக்கிற பிள்ளை

மாயக்காள்: கும்புடுறேன் சார். பாராட்டணும்னு வரச் சொன்னீகளாமே?

ஞானதுரை: யாரு... ஹேமாவதி அம்மாவா? ஒன்னைய யாரும்மா பாராட்ட வரச் சொன்னது?

மாயக்காள்: நீங்கதான் சார். நோட்டுல எழுதி விட்டீகள்ல? எம் மகதான் வாசிச்சுச் சொன்னா. "அஞ்சாப்புலயே ஒன் மக மாதிரி வாசிக்கிறதுக்கு ஆளில்ல. நேர்ல வந்து பாராட்டை வாங்கிட்டுப் போகவும்"னு.

ஞானதுரை: அடிப்பாவி! நான் எழுதுனது என்ன தெரியுமா? "வாசிப்பு மிக மோசம். பெற்றோர் உடனே வரவும்." மொத்தமே ஆறு வார்த்தை.

மாயக்காள்: அவ வாசிச்சப்ப பெருசா இருந்துச்சே சார். நான் வேற திராட்சைத் தோட்டத்துல அரை நா லீவு சொல்லிட்டு, நல்ல சேலையா உடுத்திட்டு வந்துட்டேன்.

ஞானதுரை: இதாம்மா ஒன் மகளோட வியாதி. எழுத்தெல்லாம் தெரியும், தடவலும் கிடையாது. ஆனா புத்தகத்துல உள்ளதை வாசிக்க மாட்டா. இல்லாததை வாசிப்பா.

மாயக்காள்: இருக்கிறதை வாசிக்கிறதே எம்புட்டுக் கஷ்டம். இல்லாததை எப்பிடி சார்...

ஞானதுரை: கேளு. நேத்துப் பாடம். ஒரு சம்சாரி சந்தையில மாட்டை வித்துட்டு வீட்டுக்கு வாரான். அம்புட்டுதான் கதை. இவ எந்திரிச்சு வாசிக்கிறா... வித்த மாடு கயித்தை அத்துக்கிட்டு, அவனுக்கு முந்தி வீட்டு வாசல்ல வந்து நிக்குதாம்!

மாயக்காள்: நிக்கட்டுமே சார். நல்லதுதான?

ஞானதுரை: புத்தகத்துல நிக்கலம்மா! நாப்பது பிள்ளைகளும் கை தட்டுது. அவனவன் பக்கத்தைப் புரட்டிப் புரட்டி மாட்டைத் தேடுறான்.

மாயக்காள்: எம் மக கெட்டிக்காரிதான்.

ஞானதுரை: சிரிக்காத. தேனி தனி ஜில்லா ஆனதுக்கப்புறம் நடந்த மொதப் பயிற்சிக்கு என்னையத்தான் அனுப்புனாக. மூணு நாளு. 'வாசித்துப் புரிந்துகொள்ளல்.' அந்தா, சுவத்துல சார்ட்டு ஒட்டிருக்கேன் பாரு. மொதப் படி, வாசிக்கிறதுக்கு முன்னாடியே ஊகிக்கணும். ரெண்டாவது, வாசிக்கணும். மூணாவது, தனக்குத்தானே கேள்வி கேக்கணும். நாலாவது, சொந்த வார்த்தையில சொல்லணும். அஞ்சாவது...

மாயக்காள்: எழுதாம விட்டதைக் கண்டுபிடிக்கணும்.

ஞானதுரை: ஒனக்கெப்பிடித் தெரியும்?

மாயக்காள்: அது... அவ சொல்லிருக்கா சார். வீட்ல எந்நேரமும் இதே பேச்சுதான்.

ஞானதுரை: ம்.

மாயக்காள்: அப்ப நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான செஞ்சுருக்கா? எழுதாம விட்டது மாடு வந்த கதை. அதைக் கண்டுபிடிச்சுட்டா.

ஞானதுரை: ஏம்மா, கண்டுபிடின்னா அப்பிடியில்ல. மாட்டை வித்ததுல சம்சாரிக்கு வருத்தம். அதைத்தான் கண்டுபிடிக்கணும். விடைக்குறிப்புல அதான் போட்ருக்கு.

மாயக்காள்: மாடுதான் வந்துருச்சே, பெறகென்ன வருத்தம்?

ஞானதுரை: நீயும் ஒன் மகளும்... இந்தா பாரும்மா. திங்கக்கிழமை அதிகாரி வாராரு. ஒவ்வொரு பிள்ளையா வாசிக்கச் சொல்லிக் கேப்பாரு. நான் முடிவு பண்ணிட்டேன். நாளையிலருந்து ஹேமாவதி மூணாப்புல உக்காரட்டும். ரெண்டு மாசம் போகட்டும். உள்ளதை உள்ளபடி வாசிக்கப் பழகிட்டு...

மாயக்காள்: சார், சார்! அப்பிடிச் செஞ்சுறாதீக.

ஞானதுரை: அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்.

மாயக்காள்: சின்னப் பிள்ளைகளோட உக்கார வச்சா அன்னைக்கே நின்னுருவா சார். ரோசக்காரி. ஏற்கெனவே தோட்டத்துல, "ஒன் மகளையும் திராட்சைக் குலை வெட்டக் கூட்டிட்டு வா, கை மெலிசா இருக்கு, பழம் நசுங்காது"ன்னு கேக்குறாக. ஒருக்கா அங்கன போயிட்டான்னா திருப்பிக் கொண்டாற முடியாது. அவ படிக்கணும் சார். எனக்குன்னு வேற ஒண்ணும் இல்ல.

ஞானதுரை: அப்ப ஒழுங்கா வாசிக்கச் சொல்லு.

மாயக்காள்: வாசிக்கிறாளே! அவுக அப்பா போட்ட லெட்டரை வாசிக்கையில கேக்கணும் நீங்க. மணி மணியா...

ஞானதுரை: யாரு, சண்முகராஜா? அந்தப் பய லெட்டர்லாம் போடுறானா? எங்க, வண்டன்மேட்டு ஏலக்காத் தோட்டத்துலதான இருக்கான்?

மாயக்காள்: ஆமா சார், போயி ரெண்டு வருசமாச்சு. ஆடியில ஒரு லெட்டர் வந்துச்சு. அதைத்தான் தெனமும் வாசிச்சுக் காமிக்கிறா.

ஞானதுரை: ஒரே லெட்டரையா?

மாயக்காள்: ஒரே லெட்டர்தான். ஆனா அலுக்காது சார். மொத நா, "நான் நல்லாருக்கேன், நீங்க நல்லாருக்கீகளா"ன்னு வாசிச்சா. மறுநா, "ஹேமாவுக்குப் பச்சைக் கலர்ல பாவாடை எடுத்து வச்சுருக்கேன்"னு வந்துச்சு. போன வாரம், "ஆடு ரெண்டு குட்டி போட்ருச்சாமே, ஒண்ணு வெள்ளையாமே"ன்னு விசாரிச்சு எழுதிருக்காக.

ஞானதுரை: இரு இரு. ஆடு எப்பக் குட்டி போட்டுச்சு?

மாயக்காள்: போன வாரம்.

ஞானதுரை: லெட்டர் வந்தது?

மாயக்காள்: ஆடியில.

ஞானதுரை: இப்ப என்ன மாசம்?

மாயக்காள்: ஐப்பசி.

ஞானதுரை: ஆடியில எழுதுன லெட்டர்ல ஐப்பசியில போட்ட குட்டி எப்பிடிம்மா வரும்?

மாயக்காள்: அதான சார் ஒங்க மொதப் படி? முன்னாடியே ஊகிச்சுருக்காக.

ஞானதுரை: அவனா! எங்கிட்டப் படிச்ச பயதான. நாளைக்கு ஞாயித்துக்கிழமைன்னு சொன்னாலே நம்ப மாட்டான், அவன் ஊகிக்கப் போறான்... எங்க அந்த லெட்டரு? இருக்கா?

மாயக்காள்: பையிலதான் சார் வச்சுருக்கேன். இந்தாங்க.

ஞானதுரை: ஒன் முன்னாலயே உள்ளதை உள்ளபடி வாசிக்கிறேன். அப்பத் தெரியும் ஒனக்கு, ஒன் மக வாசிக்கிற லட்சணம். ம்... அன்புள்ளன்னு கூடப் போடல பாரு. "மாயக்காளுக்கு..."

மாயக்காள்: ம்.

ஞானதுரை: ...

மாயக்காள்: சார்?

ஞானதுரை: இரும்மா...

மாயக்காள்: எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கோ?

ஞானதுரை: இல்ல... எழுத்து நல்லாத்தான் இருக்கு. நீங்க அந்த பெஞ்சுல உக்காருங்க.

மாயக்காள்: இதென்ன சார், திடீர்னு நீங்க நாங்கன்னு?

ஞானதுரை: உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீகளா?

மாயக்காள்: வேணாம் சார். நீங்க வாசிங்க. உள்ளதை உள்ளபடி.

ஞானதுரை: "மாயக்காளுக்கு... நான்... நான் நல்லாருக்கேன். நீங்க எல்லாரும் நல்லாருக்கீகளா?"

மாயக்காள்: அதான சொன்னேன்.

ஞானதுரை: "இங்கன... மழை. விடாம மழை. அதான் ஊருக்கு வர முடியல."

மாயக்காள்: மழையா? அதை அவ வாசிக்கலயே.

ஞானதுரை: ஓரத்துல பொடி எழுத்தா இருக்கு. பிள்ளை விட்ருப்பா. "ஹேமாவதிக்கு மஞ்சக் கலர்ல பாவாடை..."

மாயக்காள்: பச்சை சார்.

ஞானதுரை: ஆங், பச்சை. பச்சைதான். கண்ணாடிய மாத்தணும் மொதல்ல. "பச்சைக் கலர்ல பாவாடை எடுத்து வச்சுருக்கேன். பிள்ளைய நல்லாப் படிக்க வையி."

மாயக்காள்: அதுவும் இருக்கா?

ஞானதுரை: இருக்கு. அடிக்கோடு போட்டு எழுதிருக்கான்.

மாயக்காள்: பாத்தா மூணு வரிதான சார் தெரியுது? இம்புட்டுச் சேதி எங்கன இருக்கு?

ஞானதுரை: நெருக்கி எழுதிருக்கான்மா... ரொம்ப நெருக்கி.

மாயக்காள்: ஆட்டுக் குட்டி?

ஞானதுரை: ...இருக்கு.

மாயக்காள்: ரெண்டா?

ஞானதுரை: ரெண்டு. ஒண்ணு வெள்ளை.

மாயக்காள்: ஆடியில எழுதுன லெட்டர்ல எப்பிடி சார்...

ஞானதுரை: ஊகிச்சுருக்கான்மா! நல்லாவே ஊகிச்சுருக்கான், போதுமா?

மாயக்காள்: கோவிக்காதீக. அப்ப எம் மக சரியாத்தான் வாசிச்சுருக்காளா?

ஞானதுரை: ரொம்பச் சரி. என்னோட முப்பது வருச சர்வீஸ்ல இம்புட்டுப் புரிஞ்சு வாசிச்ச பிள்ளைய நான் பாத்ததில்ல. மூணாப்பெல்லாம் வேணாம். அஞ்சாப்புலயே இருக்கட்டும். திங்கக்கிழமை அதிகாரி முன்னாடி அவதான் மொதல்ல வாசிக்கிறா.

மாயக்காள்: அவரு இருக்கையில மாடு திரும்பி வந்துட்டா?

ஞானதுரை: வரட்டும். அவருக்கு நான் சொல்லிக்கிறேன். மூணு நா பயிற்சி எடுத்தவன்தான நானு?

மாயக்காள்: ரொம்பப் புண்ணியம் சார். லெட்டரைக் குடுங்க, சாயங்காலம் அவ தேடுவா.

ஞானதுரை: இந்தாங்க... ஹேமாவதிகிட்ட நான் ஒரு வார்த்தை பேசணும்மா. சின்னப் பிள்ளை, தனியா இம்புட்டையும்... அதில்ல, சும்மா, இந்த லெட்டரை நல்லா வாசிச்சேன்னு தட்டிக் குடுக்கத்தான்.

மாயக்காள்: வேணாம் சார். இந்த லெட்டர் பேச்சையே அவகிட்ட எடுத்துறாதீக.

ஞானதுரை: ஏன், என்னத்துக்கு?

மாயக்காள்: "எனக்கு இங்கன வேற கல்யாணம் முடிஞ்சுருச்சு. பிள்ளைய நீயே பாத்துக்க. இனிமே லெட்டர் போடாத." அம்புட்டுதான சார் அதுல இருக்கு? அவ சின்னதா இருக்கையில நான் அறிவொளி வகுப்புக்குப் போயிருக்கேன், எழுத்துக் கூட்டுவேன். வாயால சொல்ல முடியாம, அவளே வாசிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்னுதான் கையில குடுத்தேன். அவ லெட்டரைப் பாத்தா, என் மூஞ்சியப் பாத்தா, "நான் நல்லாருக்கேன்"னு வாசிச்சா. எனக்கு வாசிக்கத் தெரியும்னு தெரிஞ்சா நிறுத்திருவா சார்... நிறுத்துனா எனக்குத் தாங்காது.