மஞ்சள் காரில் மாப்பிள்ளை உட்கார்ந்த இடம்

அவைக்குத் தலைமை தாங்கும் பெருமகனாரே! இரும்பை வளைத்துக் காய்த்துப்போன கைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! தாமே வண்டி ஓட்டிவந்து வாசலில் நிறுத்தியிருக்கும் தாய்மார்களே! எழுத்தறியாத இந்தக் கிழவனின் வணக்கம்.

அதோ மூக்கு மடங்கி நிற்கிறதே மஞ்சள் கார், அது விற்கப் பிறந்ததல்ல; மோதப் பிறந்தது! அதன் உடன்பிறப்புகள் பதினெட்டும் எங்கள் சோதனைக் கூடத்துச் சுவரில் மோதி மாண்டன. எதற்கு? மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்று பார்க்க. மடங்குகிற மூக்கு, முகத்துக்கு எதிரே மெத்தை தைத்த பலகை, மார்பை இறுக்கும் பட்டை, எல்லாம் புதுமை. உள்ளே எண்பது கிலோ பொம்மை. துடைத்துவிட ஒருவர், தூக்கி உட்காரவைக்க நால்வர் வேண்டும் என்பதால் அவருக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தோம். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், நாங்களும் சிரித்தவர்கள்தான்.

பதினெட்டு முறையும் மாப்பிள்ளைக்குக் கீறல் இல்லை. பத்தொன்பதாவது முறை, விருந்தினர் முன்னால், பாதி வேகத்தில், உயிருள்ள மனிதரை வைத்து மோதுவது என்று முடிவானது. வந்து உட்கார்ந்தவர் யார்? தலைமைப் பொறியாளரின் சொந்த அக்கா, கணக்கு டீச்சர். தம்பி தயங்கினார். "நீ கட்டின வண்டியை நானே நம்பலைன்னா வேற யாருடா நம்புவா?" என்றார் அக்கா.

குள்ளமான அம்மா. கால் எட்டவில்லை. இருக்கையை முன்னால் இழுத்தார். டக்... டக்... டக்... டக். இருக்கை ஓடும் தண்டவாளத்தில் நாலு பல் நகர்ந்தது.

ஐயா! அந்தச் சத்தத்தை அந்தக் கூடத்தில் நான் கேட்டதே இல்லை. மாப்பிள்ளைக்குக் கால் மடங்காது. உள்ளே நுழைக்க ஒவ்வொரு முறையும் இருக்கையைப் பின்னால் கடைசிப் பல்லுக்குத் தள்ளியவன் யார்? நான்! தாளில் குறிப்பவர் "இருக்கை சரியா?" என்று கேட்டபோதெல்லாம் "சரி" என்றவன் யார்? நான்!

வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். எல்லாரும் காத்திருக்கிறார்கள், தள்ளிப் போங்கள் என்றார் பொறியாளர்.

"அக்காவை இறக்குங்க தம்பி. அதே பல்லுல மாப்பிள்ளையை வெச்சு ஒரு தடவை விடுங்க."

முறைத்தார். என்ன நினைத்தாரோ, அக்காவை இறக்கினார். மாப்பிள்ளையின் கால் நுழையவில்லை. முழங்காலோடு அறுத்தோம், வைத்தோம், விட்டோம். அதே பாதி வேகம்தான்.

மூக்கு மடங்கியது, சொன்னபடி. பட்டை இறுகியது, சொன்னபடி. ஸ்டியரிங் தண்டு மாப்பிள்ளையின் மார்புக்குள் ஒரு சாண் இறங்கியிருந்தது.

அக்கா கிட்டே வந்து பார்த்தார். கை தன் நெஞ்சுக்குப் போனது. தம்பியைத் திட்டவில்லை. கேட்டார்:

"இத்தனை தடவையில என் உயரத்துல யாரையுமே உட்கார வைக்கலையாடா?"

படித்தவர் இருந்தோம், படிக்காதவர் இருந்தோம். பாதி உலகத்தை மறந்தவர்களாக இருந்தோம்! குட்டைப் பொம்மை ஒன்று பிறகுதான் வந்தது.

முன்வரிசைப் பெரியவர் கேட்கிறார், உயிரைக் காத்தது நீதானே என்று. இல்லை ஐயா. பதினெட்டு முறை 'சரி' சொன்ன வாய் இது. ஒரு முறை 'நிறுத்து' என்றதற்குக் கைதட்டாதீர்கள். தாய்மார்களே, கார் விற்பவன் எதிரே வந்து நின்றால் நிறத்தைக் கேட்காதீர்கள், அந்த அக்கா கேட்டதைக் கேளுங்கள்! அவன் தலை குனிந்தால் சாவியைத் தொடாதீர்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.