வெள்ளிக்கிழமைக் கேக்

செவன் கிங்ஸ் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் கொண்டைக்கடலை டின்கள்.

“கடலையை நீ கொண்டுபோ. எனக்கு உள்ளுக்கிருக்கிற தண்ணிதான் வேணும்.”

“என்னத்துக்கடி?”

“மகளின்ரை பிறந்தநாள் கேக்குக்கு. நல்லா அடிச்சா முட்டை வெள்ளைக்கரு மாதிரிப் பொங்கும். நேற்றுச் செய்து பாத்தனான், பஞ்சு மாதிரி வந்தது.”

“வாற சனம் முட்டைக் கேக் கொண்டுவந்து பிள்ளையின்ரை வாயில தீத்துமே?”

“அதுக்குத்தான் பார்ட்டியை வெள்ளிக்கிழமை வைச்சனான். பிள்ளைக்கு முட்டை அலர்ஜி எண்டு சொன்னா, ‘கொஞ்சம் திண்டா ஒண்டும் செய்யாது’ எண்டுவினம். போன வருசம் ஒரு மாமி அப்பிடிச் சொல்லித் தீத்தித்தான் அம்புலன்ஸ் வந்தது. விரதம் எண்டா ஒருத்தரும் முட்டையைத் தொடமாட்டினம்.”

“நீ எப்ப தொடக்கம் விரதக்காரி?”

“அம்புலன்ஸ் வந்த நாள் தொடக்கம்.”

ஒவ்வாமை பற்றிப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தரும் அறிவுறுத்தல்கள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். இவ்வளவு உருப்படியான ஒன்று அவற்றில் இல்லை.

அவர்கள் இறங்க எழுந்தபோது தோழி கேட்டாள்: “அப்ப கேக்கை ஆர் தீத்திறது?”

“எல்லாரும்தான். முந்தின பிறந்தநாளுகளில கேக்குக்குப் பதிலா, படம் எடுக்கிறதுக்கு வாழைப்பழம் தீத்தினவை. இந்த முறை வரிசையில நிண்டு கேக் தீத்தட்டும். அந்த மாமியை முதல் ஆளா விடப்போறன்.”