வழி விடுற கை

— தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ரெண்டு விஷயம் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன். முதல்ல இந்தப் புகார்.

— ஹெல்மெட்டை எங்க வைக்கட்டும் தம்பி? மேஜை பூரா டீ சிந்திக் கிடக்கே.

— அந்த நாற்காலில வைங்க. அது சும்மாத்தான் கிடக்கு. இங்க யாரு வந்து உக்கார்றாங்க?

— மேனேஜர் ரூம்னா வாசல்ல வரிசை நிக்கும்னுல்ல நெனச்சேன். சரி, சொல்லுங்க. புகார் சொன்னது யாரு?

— சிவப்பு கார் டாக்டர். நீங்க ரேஸ் ட்ராக்ல முன்னாடி போனா, பின்னாடி வர்றவங்கல்லாம் ஊர்வலம் மாதிரி வர வேண்டியிருக்காம்.

— அட, அவருக்குத்தானே முதல்ல வழி விடறேன். நேர் ரோடு வந்ததும் ஜன்னல் வழியா கையை நீட்டி, போங்க டாக்டர், போங்கன்னு காட்டறேன். ஆம்புலன்ஸுக்குக்கூட யாரும் இவ்வளவு மரியாதையா வழி விட மாட்டாங்க.

— விடறீங்க, இல்லன்னு சொல்லல. ஆனா நேர் ரோடு வர்ற வரைக்கும், வளைவு பூரா உங்க பின்னாடியே உருண்டுக்கிட்டு வரணும்ல? அதாவது, ‘ட்ராக் டே’ங்கறது போட்டி இல்ல. கடிகாரம் கிடையாது, பரிசு கிடையாது. அவங்கவங்க வண்டியைக் கொண்டாந்து ஆசை தீர ஓட்டிட்டுப் போகலாம். முன்னாடி போறவங்க கை காட்டாம முந்தக் கூடாது, அது ஒண்ணுதான் சட்டம். அந்த ஒரு சட்டத்தை வச்சுக்கிட்டு நீங்க எல்லாரையும் கட்டிப் போட்டுடறீங்களாம்.

— பசங்க எனக்கு ஆமை அக்கான்னு பேர் வச்சிருக்காங்களாமே.

— உங்க காதுக்கும் வந்துடுச்சா.

— உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? விடுங்க. பேர்னு ஒண்ணு வச்சுக் கூப்பிடறாங்களே, அதுவே பெருசு. வீட்டுல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்ல.

— உங்களை நிறுத்திடணும்னு கமிட்டில பேச்சு வந்துச்சுக்கா. நான்தான், கொஞ்சம் பொறுங்க, அவங்களுக்குத் தோதா வேற ஒண்ணு பாக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன். பேசாம டைம் ட்ரையலுக்கு வந்துடுங்களேன். அதுல ஒரு நேரத்துக்கு ஒரு வண்டிதான். முன்னாடியும் ஆள் இல்ல, பின்னாடியும் ஆள் இல்ல. நீங்க, கடிகாரம், அவ்வளவுதான். எவ்வளவு மெதுவாப் போனாலும் ஏன்னு கேக்க நாதியில்ல.

— நாதியில்லாம இருக்கத்தான் வீடு இருக்கே தம்பி. அதுக்கு நான் பெட்ரோல் போட்டுக்கிட்டு இங்க வரணுமா?

— அப்படி இல்லக்கா...

— சரி, முடியற கோட்டுல யார் நிப்பாங்க?

— யாரும் நிக்க வேணாம். ரோட்டுக்கு அடியில ஒரு கம்பி பதிச்சிருக்கோம். வண்டி தாண்டினதும் நேரம் தானா இந்த ஸ்க்ரீன்ல வந்து விழுந்துடும்.

— அப்ப ஆளே கிடையாதா?

— ஆள் எதுக்கு? மனுஷன் கை முன்ன பின்ன அழுத்திடும். கம்பி தப்பே பண்ணாது.

— ஓகோ. அப்ப அது வேணாம்.

— சரி, அதை விடுங்க. பழைய வண்டிங்களுக்குன்னே ஒரு ரேஸ் இருக்கு, விண்டேஜ் ரேஸ். உங்க வண்டி வயசுக்கு உள்ள நுழைஞ்சதுமே மாலை போட்டுக் கூட்டிட்டுப் போவாங்க. பேருக்குத்தான் ரேஸ். ஒரு கீறல் விழுந்துடப் போகுதேன்னு எல்லாரும் மெதுவாத்தான் போவாங்க. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி.

— அங்கயும் ஒரு தடவை போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். நாள் பூரா துணியை வச்சுத் துடைச்சுக்கிட்டே இருக்காங்க. வண்டிக்கு என்ன வயசு, பெயின்ட் கம்பெனில அடிச்சதா, இந்தக் கண்ணாடி எங்க கிடைச்சுதுன்னு ஆயிரம் கேள்வி. எல்லாம் வண்டியைப் பாத்துக்கிட்டேதான். சாப்பிட்டியாம்மான்னு என்னை ஒருத்தர் கேக்கல.

— அதுவும் வேணாம், இதுவும் வேணாம்னா நான் கமிட்டிக்கு என்னக்கா பதில் சொல்றது? பயமா இருந்தா சொல்லுங்க, ஒரு பயிற்சியாளரைப் பக்கத்துல உக்கார வைக்கறேன். வளைவுல இன்னும் கொஞ்சம் அழுத்திப் போகச் சொல்லித் தருவார்.

— பயமா? அட போங்க தம்பி. இதே ட்ராக்ல டைம் ட்ரையல் ஓட்டினவ நான். நீங்க இந்த வேலைக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி.

— நீங்களா? இந்த வண்டிலயா?

— இதே வண்டிதான். அப்ப கம்பியெல்லாம் இல்ல. கோட்டுப் பக்கத்துல ஒரு மடக்கு நாற்காலி போட்டுக்கிட்டு எங்க வீட்டுக்காரர் உக்காந்திருப்பார், கையில ஸ்டாப்வாட்ச். நல்லாத்தான் ஓட்டினேன். ரெண்டு மூணு கோப்பைகூட அலமாரி மேல தூசி பிடிச்சுக் கிடக்கு. எனக்கு வேகத்துல வெறின்னு எல்லாரும் சொன்னாங்க. அவரும் அப்படித்தான் நெனச்சார், பாவம்.

— அது இல்லையா?

— கடைசி வளைவு திரும்பினதும் அவர் நாற்காலியை விட்டு எந்திரிக்கறது தெரியும். வேட்டை நாய் மாதிரி நான் பறந்து வந்ததெல்லாம் அதைப் பாக்கத்தான். மெதுவாப் போனா அந்த இடம் வர்றதுக்கு நேரமாகுமே.

— இப்ப அவர் வர்றதில்லையா?

— அவரு போனதுக்கு அப்புறம் வேகமா ஓட்டி நான் எங்க போய்ச் சேரணும்? வண்டியை வித்துடலாம்னுதான் இருந்தேன். கடைசியா ஒரு தடவைன்னு ‘ட்ராக் டே’க்கு வந்தேன். பின்னாடி ஒரு வண்டி அவசரப்பட்டுச்சு, போங்கன்னு கை காட்டினேன். தாண்டிப் போறப்ப அந்த மனுஷன் கையைத் தூக்கி நன்றி சொன்னார். முகம்கூடத் தெரியல. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அந்தக் கையையே நெனச்சுக்கிட்டுப் போனேன். அந்த வாரம் பூரா என்னைப் பாத்து யாரும் கை தூக்கினதில்ல.

— அதுக்காகவா மெதுவாப் போறீங்க?

— பின்ன? நான் வேகமாப் போனா யாரு என்னை முந்துவா? முந்தலைன்னா யாரு கை தூக்குவா? உங்க டாக்டர்கூட முனகிக்கிட்டே தூக்கத்தான் செய்யறார். முழுக் கை இல்ல, ரெண்டு விரல். கஞ்சப் பிரபு. இருந்தாலும் வாங்கிக்குவேன்.

— எனக்கு இது தோணவே இல்லக்கா.

— வெளிய சொன்னா சிரிப்பாங்க. நீங்க சிரிக்கல, அது போதும். ஆமா, ரெண்டு விஷயம்னீங்களே? இன்னொண்ணு என்ன?

— அது... இன்னொரு நாள் சொல்றேன்.

— சொல்லிடுங்க தம்பி. வீட்டுக்குப் போய் உக்காந்து என்னவா இருக்கும்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன். எனக்கு அங்க வேற வேலையும் இல்ல.

— அடுத்த மாசத்துலேருந்து கை காட்ட வேணாம்னு முடிவாயிடுச்சுக்கா. எல்லா வண்டிக்கும் பின்னாடி ஒரு பச்சை விளக்கு மாட்டப் போறோம். பின்னாடி ஆள் நெருங்கினா தானா எரியும். ஓடற வண்டிலேருந்து கையை நீட்டறது ஆபத்துன்னு சொன்னாங்க. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன்.

— முந்திப் போறவங்க?

— அவங்களும் தூக்கக் கூடாது. கை ஸ்டீயரிங்லயேதான் இருக்கணும்.

— ஓ.

— முன்னாடியே தெரிஞ்சிருந்தா...

— நீங்க என்ன பண்ணுவீங்க. ஆபத்துதான், நியாயம்தான். இந்த ஜன்னல்லேருந்து பாத்தா கோடு தெரியுமா தம்பி?

— தெரியும். நான் பாக்கறதில்லக்கா. இங்க வந்து இத்தனை நாள்ல ஒரு வண்டி கோட்டைத் தாண்டறதை நேர்ல பாத்ததில்ல. எல்லாம் ஸ்க்ரீன்லதான்.

— மத்தியானச் சாப்பாடு?

— அதுவும் இங்கயேதான். ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டே.

— ம். சரி, டைம் ட்ரையலுக்கே என் பேரைப் போட்டுக்கோங்க.

— வேணாம்கா. நீங்க இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமுமா? அங்க உங்களுக்கு ஒருத்தரும் இருக்க மாட்டாங்களே.

— என் ஹெல்மெட்டை இப்படிக் குடுங்க. இந்த நாற்காலி சும்மா கிடக்குன்னு சொன்னீங்கல்ல? அன்னிக்கு அதைக் கொண்டுபோய்க் கோட்டுப் பக்கத்துல போட்டு உக்காந்திருங்க தம்பி, நான் சீக்கிரம் வந்துடறேன்.