வாழ்த்து மடலில் ஒரு வரி

அடிச்சிருங்க அந்த வரிய. ஆமாங்க, மொதல்ல அதத்தான் அடிக்கோணும்... காலை இழுக்காதீங்க ரைட்டர் தம்பி! துருப்புடிச்ச ஆணி குத்தி மூணு நாளாச்சு, இன்னிக்கு வந்து காட்டறீங்க. சீழ் கோத்துக் கெடக்குது. சுடுதண்ணில கொஞ்ச நேரம் ஊறட்டும். சுடுதுங்களா? சுடட்டும், அப்பத்தான் எளகும்.

'தனியொருத்தியாக நின்று முப்பத்திரண்டு ஆண்டுகள் இம்மலை மக்களைக் காத்த எங்கள் நர்ஸம்மா தேவகுமாரி அவர்களே!' அட சேசுவே! ஏனுங்க, நீங்க எஸ்டேட்டுல காப்பி மூட்டைக்குக் கணக்கு எழுதற ரைட்டருங்களா, எலெக்சன்ல மைக் புடிக்கற ஆளுங்களா? படிக்கறப்பவே ஒடம்பு கூசுது.

ஞாயித்துக்கெழமை பள்ளிக்கூடத்துல கூட்டமாம். சந்தன மாலையாம், பொன்னாடையாம். நீங்க எழுதுன இந்த வாழ்த்து மடலக் கண்ணாடி போட்டு ஒண்டிக்கடை பஜார்ல பிரேம் பண்றாங்களாம். செத்தவங்க போட்டோவுக்குப் பண்றத எல்லாம் உசுரோட இருக்கறவளுக்குப் பண்றீங்க! முப்பத்தொண்ணாந்தேதி எனக்கு அம்பத்தெட்டு முடியுது. போதும், ஊட்டுக்குப் போங்குது கவருமெண்டு. அவ்வளவுதானுங்களே? இதுக்கெதுக்கு மைக்செட்டு?

ரிட்டயர்டு ஆவறது லேசுன்னு நெனைக்காதீங்க. வேலைக்குச் சேந்தப்பக்கூட இத்தன கையெழுத்துப் போடல. சர்வீஸ் புக்குல அடையாளம் எழுதிருக்குதுங்க, வலது கன்னத்துல மச்சம்னு. கீழ ஆபீஸ்ல கிளார்க்கு கண்ணாடிய மாட்டிக்கிட்டு தேடறாரு, தேடறாரு... சுருக்கத்துக்குள்ளாற எங்கியோ போயி ஒளிஞ்சுக்கிச்சு. அப்புறம் பென்சன் வந்தா வருசா வருசம் நேர்ல போயி உசுரோட இருக்கேன்னு காட்டோணுமாம். இந்த வாய வச்சுக்கிட்டு நான் அது வேற தனியாக் காட்டோணுமா? மலை அடிவாரத்துலயே கேக்குமே!

பென்சன் 'வந்தா'ன்னேன் பாத்தீங்களா... அதுக்கு வாரேன். இருங்க, இந்த ஓரத்தக் கொஞ்சம் அழுத்திக்கறேன். ஷ்ஷ்... அவ்வளவுதான், அவ்வளவுதான். சின்னக் கொழந்தைங்க தேவலாம்.

ரெண்டாம் பத்தில என்னமோ எழுதிருக்கறீங்களே... ஆங், 'விடுப்பே எடுக்காத கடமை வீராங்கனை.' எடுக்கலதானுங்க. ஏன் எடுக்கலேன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? நான் நாலு நாளு இல்லேன்னா, நான் இல்லாமயும் இந்த எடம் நல்லா நடக்கும்னு ஊருக்குத் தெரிஞ்சு போயிருமேன்னு பயம்! அதுக்குப் பேரு கடமையாமா?

இந்தச் சப்-சென்டருக்கு அப்ப ரெண்டு நர்ஸுங்க. உங்களுக்குத் தெரியாது, நீங்க எம்பத்தொண்ணுலதான இங்க வந்தீங்க. இன்னொருத்தி பேரு அமுதா. ஆத்தூர்க்காரப் புள்ள, இருவத்தி மூணு வயசு. வந்த புதுசுல என் பையத் தூக்கிக்கிட்டுப் பின்னால வருவா. நான் சொல்றதுக்கெல்லாம் 'சரிங்கக்கா, சரிங்கக்கா'ம்பா. எனக்கும் நொம்பப் புடிச்சுது. தலையாட்டறவங்களத்தான் எனக்கு எப்பவும் புடிக்குமே!

அப்புறம் என்னாச்சுன்னா, பொம்பளைங்க வாசல்ல நின்னுக்கிட்டு 'சின்னம்மா இல்லீங்களா?'ன்னு அவளக் கேக்க ஆரம்பிச்சாங்க. காப்பிப் பழம் எடுக்கற கண்ணம்மா இருக்கறாளே, அவளுக்கு இடுப்பு வலி. என் கையப் புடிச்சுக்கிட்டே, 'அம்மா, அமுதாவ வரச் சொல்லுங்க'ங்கறா! என் கைய்யப் புடிச்சுக்கிட்டேங்க! பொறந்தது பொண்ணு. பேரு என்ன வச்சா தெரியுமா? அமுதா! நான் அதுக்கு முன்னால இருவது வருசமா எடுத்த கொழந்தைங்கள்ல ஒரு தேவகுமாரி கெடையாதுங்க. ஒரு தேவிகூடக் கெடையாது. எண்ணிப் பாத்தேன்... ராத்திரில படுத்துக்கிட்டு எண்ணுனேன், பைத்தியக்காரி.

அந்த வருசந்தான், எழுவத்தொம்பதுல, கீழ ஆபீஸ்ல இருந்து நெரப்பி அனுப்பச் சொல்லி ஒரு பாரம் வந்துச்சு. எந்த சென்டருல எத்தன ஆளு வேணும், எங்க அதிகம், எங்க பத்தலன்னு பாத்து போஸ்ட்ட மாத்திக் குடுக்கறாங்களாம். நல்ல காரியந்தான. எத்தன பிரசவம், எவ்வளவு தூரம் நடக்கோணும், எல்லாம் கேட்டிருந்தாங்க. நான் உக்காந்து எழுதுனேன். பிரசவத்தப் பாதியாக் கொறச்சேன். ஏழு மைலு நடக்கறத மூணு மைலாக்குனேன். கடைசில கருத்துன்னு ஒரு எடம் விட்டிருந்தாங்க. 'வேலைப்பளு குறைவு. ஒருவரே போதுமானது.' இந்தக் கையாலதானுங்க. எழுத்து அன்னிக்குன்னு முத்து முத்தா வந்துச்சு.

ரெண்டு மாசத்துல அமுதாவக் கீழ மாத்திட்டாங்க. எனக்கு நற்சான்று வந்துச்சுங்க, ஒத்தையா இத்தன வேலை பாக்கறேன்னு! பஸ் ஏறப் போறப்ப அவ என்னயக் கட்டிக்கிட்டு, 'ஒத்தையில கஷ்டப்படுவீங்களேக்கா'ன்னு அழுதா. நானும் அழுதேன். நெசமாவே அழுகை வந்துச்சுங்க... அதத்தான் இன்னிக்கு வரைக்கும் என்னால தாங்க முடியல.

மாசா மாசம் கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்றவ நான். கோவப்பட்டேன், பொறணி பேசுனேன், எல்லாஞ் சொல்லுவேன். இத மட்டும் சொல்லாமத் தாண்டிருவேன். சாமியார் 'வேற எதும் இருக்கா?'ம்பாரு. 'இல்லீங்க சாமி.' ஒம்பது வருசமா இல்லீங்க சாமி!

இந்தத் தை மாசத்துலதான் மாட்டிக்கிட்டேன். கீழ இருந்து தபாலு. என்னான்னு? நான் ரிட்டயர்டு ஆனதுக்கப்புறம் இந்த சென்டருக்கு வேற ஆளு கெடையாதாம், பூட்டிருவாங்களாம். காரணம் என்ன போட்டிருக்குது தெரியுமா? 'வேலைப்பளு குறைவு.' என் வார்த்தைங்க! ஒரு எழுத்து மாறாம எனக்கே திரும்பி வந்திருக்குது!

முழுகாம இருக்கற பொம்பளைங்க பேரு இந்த நோட்டுல பதினாலு இருக்குதுங்க. நாகலூர் பஸ்ஸு ஒரு நாளைக்கு எத்தன தடவ வருதுன்னு உங்களுக்கே தெரியும். என்ன பண்றது? உக்காந்தேன், எழுதுனேன். அன்னிக்கு எழுதுனது பொய், பொறாமையில எழுதுனேன், ரெண்டு ஆளு இருந்தாலும் இங்க பத்தாதுன்னு எழுதி ரிஜிஸ்டர் தபால்ல போட்டுட்டேன். பொய் எழுதுனதுக்கு நற்சான்று குடுத்தவங்க, நெசத்த எழுதுனதுக்கு மெமோ குடுத்தாங்க! வெசாரணை முடியற வரைக்கும் பென்சன் பைலு நிக்குதாம். நிக்கட்டும். அது என் பாடு.

ஆனா சென்டரப் பூட்டல, நர்ஸு போஸ்ட்டு வந்துருச்சுங்க. நேத்து ஆர்டரு கைக்கு வந்துச்சு. மலைக்குப் போக யாரும் ஒத்துக்கலையாம், ஒருத்திதான் தானாக் கேட்டு வாங்கிக்கிட்டாளாம். யாருங்கறீங்க? அமுதாவேதான். திங்கக்கெழமை சார்ஜ் எடுக்கறா. அவ மொகத்துல முழிக்கறத நெனச்சா எனக்கு இப்பவே மூத்தரம் முட்டுது, போங்க!

சிரிக்க மாட்டேங்கறீங்க. வலிக்குதா? துணி சுத்திட்டா செரியாப் போயிரும்.

இல்ல... நீங்க கடைசிப் பத்தியத்தான் நெனைக்கறீங்க. தெரியும். நானும் அங்கதான் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டிருக்கறேன், தைரியம் இல்லாம. 'என் மனைவி பார்வதியின் உயிரைக் காத்த தெய்வமே'ன்னு எழுதிருக்கறீங்க.

எம்பத்தி மூணு, ஐப்பசி மழை. பார்வதிக்கு வலி எடுத்தப்ப நான் கரடியூர்ல இன்னொரு பிரசவத்துல இருந்தேன். அமுதா மட்டும் இங்க இருந்திருந்தா பத்து நிமிசத்துல உங்க ஊட்டுல இருந்திருப்பா. நீங்க நாலு பேரு கம்பளில போட்டுத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனீங்க. கொழந்த ஜீப்புலயே பொறந்துச்சு. ரத்தம் நிக்கல. சேலம் பெரியாஸ்பத்திரில கர்ப்பப்பைய எடுத்துத்தான் அவள உசுரோட குடுத்தாங்க. நான் ஓடி வந்து, பகல்ல இங்க வேலையப் பாத்துட்டு, எட்டு ராத்திரி கட்டிலுக்குக் கீழயே படுத்துக் கெடந்தேன். ஊரே 'என்ன மனசு'ன்னுச்சு. நீங்க என் கால்ல விழுந்தீங்க. விழுந்தப்ப நான் காலை நகத்திருக்கோணும்... நகத்தல தம்பி. நின்னேன்.

உங்களுக்கு ரெண்டாவது கொழந்த இல்லாமப் போனது விதி இல்லீங்க. ஒரு பாரத்துல நான் எழுதுன ரெண்டு வரி. அத நீங்க மேடைல ஏறி என்னயத் தெய்வம்னு படிக்கறதுக்கு முன்னால...

தம்பி. தம்பி, எந்திரிக்காதீங்க. கட்டு இன்னும் முடி போடலீங்க... ரைட்டர் தம்பி! செருப்பு... ஈரக் காலோட மண்ணுல வெக்காதீங்க!

சரி. போங்க.

ஏனுங்க... ஒரே ஒரு வார்த்த, நின்னு கேட்டுட்டுப் போங்க. நிக்க வேண்டாம், நடந்துக்கிட்டே கேளுங்க! பார்வதிகிட்டச் சொல்லிருங்க, இல்லேன்னா நானே வந்து சொல்றேன். அந்தக் காலை அப்படியே உட்றாதீங்க, நாளான்னிக்குக் கட்டு மாத்தோணும். என்கிட்ட வர மனசில்லேன்னா, திங்கக்கெழமை அமுதா வந்துருவா, அவகிட்டக் காட்டுங்க. அவ நல்லாக் கட்டுவா தம்பி. பேசாமக் கட்டுவா.