விளிம்புவரை ஊற்றிய கோப்பை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் சப்பார்பாய் அவர்களே, வெண்தாடியும் வெண்தொப்பியுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, மலை தாண்டி முழங்கால் வலிக்க வந்திருக்கும் தாய்மார்களே, என் கொழுந்தனார் ஒஸ்மான்குல் அவர்களே, பந்தயம் எப்போது தொடங்கும் என்று கடிவாளமும் கையுமாகக் காத்திருக்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தக் குல்சுனின் சலாம்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். லாரியின் பின்தட்டை மேடையாக்கி, ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்து, "அண்ணி, வந்தவங்களுக்கு நன்றி சொல்லிட்டு இறங்கிடுங்க" என்றார் கொழுந்தனார். நன்றி சொல்வேன். இறங்குவதைப் பிறகு பார்ப்போம்.

ஆற்றைக் கடக்கையில் ஓர் ஆட்டுக்குட்டிக்காகக் குனிந்தான் என் மகன் தாலாய். குனிந்தவன் நிமிரவில்லை. ஓராண்டாகக் கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவனுக்காக அழுது பாடினேன். அழுதது போதுமா? போதாது. ஆயினும் அவன் போய் ஓராண்டு நிறையும் நினைவு விருந்து வந்துவிட்டது. அண்டாவில் கறி வெந்துவிட்டது. இன்று என் மருமகள் ஜிபார் கறுப்பு உடையைக் களைய வேண்டும். களைந்தபின் அவள் எங்கே போவாள்?

நாரின் நகரத்தில் அவளுக்குத் தையல் வேலை காத்திருக்கிறது. போக ஆசைப்படுகிறாள். கொழுந்தனாரோ, "வந்த மருமக வீட்டோட இருக்கட்டும், என் மகன் கூபாத்துக்குக் கட்டி வச்சிடலாம்" என்கிறார். ஜிபாரைக் கேட்டாரா? கூபாத்தைத்தான் கேட்டாரா?

"எனக்கும் வேண்டாம் பெரியம்மா! நாரின்ல வேற பொண்ணு இருக்கு!"

கேட்டீர்களா? சிரிக்காதீர்கள். கூபாத், உட்காரப்பா. உன் அப்பா முகத்தைப் பார்த்தால் இன்றைக்கு உனக்குக் கறி கிடையாது.

தாய்மார்களே, நம் வீட்டுப் பெண் புகுந்த வீட்டுக்குப் புறப்படும்போது என்ன செய்கிறோம்? தாய் பாடுகிறாள். எப்படி நடக்க வேண்டும், எப்படி நிமிர வேண்டும் என்று புத்தி சொல்லிப் பாடுகிறாள். ஜிபாருக்கு அது வாய்க்கவில்லை. நடக்கப் பழகும் வயதிலேயே தாயை இழந்தவள் அவள். எங்கள் வாசலில் அவள் இறங்கியபோது அவள் அப்பா இருமினார். அவளுக்குக் கிடைத்த பாட்டு அந்த இருமல்தான்.

மறுநாள் நான் குதிரைப்பால் கறக்கையில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, நான் பாட்டு இல்லாம வந்தவ. எப்படி நடந்துக்கணும்னு யாரும் சொல்லல."

"பால் கறக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப முதல்ல அதக் கத்துக்கோ. பாட்டு அப்புறம்."

அந்த 'அப்புறம்' இன்றைக்கு வந்திருக்கிறது! பாடி அனுப்பிய மகளின் குதிரையை மறித்தவன் இந்த மலைப்பக்கம் உண்டா? உண்டா, சொல்லுங்கள்!

"அண்ணி, அது பெத்த தாய் பாடுறது!"

பெற்றவள் மண்ணுக்குள் இருக்கிறாள் கொழுந்தனாரே. முடிந்தால் எழுப்பிக் கூட்டி வாருங்கள். அதுவரை நான் பாடுகிறேன்.

கண்ணே, அழுதுகொண்டே ஏறாதே, குதிரைக்குக் கனக்கும்.
உன் சேணத்தை நீயே இறுக்கு, ஊரார் முடிச்சை நம்பாதே.
அதட்டும் குரலுக்கு அடங்காதே, அன்பான குரலுக்கு முரண்டாதே.
உன்னை மதிக்கும் ஒருவன் வந்தால்
என் மகனை நினைத்து மறுக்காதே.
அவன் பெயரை உன் பிள்ளைக்கு வைக்காதே,
சுமையோடு பிறக்க வேண்டாம் ஒரு குழந்தை.
திரும்பிப் பார், திரும்பி வா,
என் கூடார வாசலை உனக்கு மூடமாட்டேன்.

'திரும்பிப் பாராதே' என்றுதான் எல்லாத் தாய்மாரும் பாடுவார்கள். தெரிந்தேதான் மாற்றிப் பாடினேன். திரும்பி வராத ஒருவனைப் பெற்றவள் நான், வேறெப்படிப் பாடுவேன்?

ஜிபார், மேலே வா. தேநீர்க் கெட்டிலைக் கொடுங்கள்.

பெரியோர்களே, இருக்க வேண்டியவருக்கு நாம் அரைக்கோப்பைதான் ஊற்றுவோம். 'இரு, இன்னும் ஊற்றுகிறேன்' என்பதற்காக. புறப்பட வேண்டியவருக்குத்தான் விளிம்புவரை. இவள் வந்த நாள் முதல் நேற்றுவரை அரைக்கோப்பை ஊற்றிய கை இது. இதோ, நிறைக்கிறேன். பாருங்கள், நிறைத்துவிட்டேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. குடி கண்ணே.

"சுடுதும்மா."

கேட்டதா கொழுந்தனாரே? இத்தனை காலம் அத்தை என்றவள். இனியும் பெற்றவள் யாரென்று கேட்பீர்களா?

கொழுந்தனார் எழுந்துவிட்டாரே! எங்கே போகிறார்? தாலாயின் செம்பழுப்புக் குதிரையை அவிழ்க்கிறார்.

"நல்ல சேணமாப் போடுங்கடா! கிழிஞ்சதப் போட்டு அனுப்பி என் மானத்த வாங்காதீங்க!"

நன்றி கொழுந்தனாரே. துக்கத்தில் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி. கறி வேக வைத்த கைகளுக்கு நன்றி. கேட்ட காதுகளுக்கெல்லாம் நன்றி.

இளைஞர்களே, பந்தயம் கொஞ்சம் பொறுக்கட்டும். வழிவிடுங்கள். முதலில் போவது என் மகளின் குதிரை. சலாம்!