கட்டாயம் வாருங்கள்

அழைப்பிதழில் ‘அன்புடன் அழைக்கிறோம்’ என்று போட்டால் யாரும் வருவதில்லை, மேடம். ‘இங்கே எச்சில் துப்பாதீர்கள்’ என்று சுவரில் எழுதிவைப்பதுபோலத்தான் அது. எல்லோரும் படிப்பார்கள், ஒருவரும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆளை வரவழைப்பது ஓரத்தில் கையால் எழுதும் ஒரு வரி.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதனால் மனு, புகார், விண்ணப்பம் எல்லாம் என் தலையில்தான் விழும். தங்கையின் கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான் வந்தது.

மாப்பிள்ளை என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். ஒரு ஃபைலைச் சாக்காக வைத்து அவரை வீட்டுக்கு வரச் சொன்னதே நான்தான். நல்ல துணி உடுத்திக்கொண்டு காத்திருந்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் தங்கை. நான் பேசிப் பேசி வளர்த்ததை ஒரு டம்ளர் தண்ணீரில் முடித்துவிட்டாள்.

“நீதான் படிச்சவ, நாலு பேர் மெச்சுற மாதிரி எழுது” என்றாள் அம்மா.

அவர் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். தங்கை என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, உன் பேருக்குப் பின்னாடி டிகிரிய போட்டுக்க. எம் பேரு மொட்டையாவே இருக்கட்டும். அவருக்கு அதுதான் புடிச்சிருக்காம்.”

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்பாவுக்கு வேறு கவலை. “பழைய தெரு ஆளுங்களுக்கு ஒண்ணுகூடப் போகக் கூடாதும்மா. அந்த வெல்டிங்காரன் காதுல விழுந்துச்சுன்னா அவ்வளவுதான்.”

வெல்டிங்காரன் தங்கையின் பின்னாலேயே சுற்றியவன். அவள் முடியாது என்றபோது, “உன் முகத்த வேற எவனும் பாக்க முடியாதபடி பண்ணிடுவேன்” என்றவன். அவனுக்குப் பயந்துதான் வீடு மாறினோம். அவன்மீது போலீசுக்குப் புகார் எழுதியதும் நான்தான். அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை.

அவனுக்கு ஒரு பத்திரிகை அனுப்பினேன். அந்த ஓரத்து வரிக்குத்தான் மெனக்கெட வேண்டியிருந்தது. முதலில் ‘அவள் உங்களை மறக்கவில்லை’ என்று எழுதிப் பார்த்தேன். பொய். தவிர, அந்த மாதிரி ஆள் அதைப் படித்தால் வீட்டிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பான். கடைசியில் இப்படி அமைந்தது: ‘அவள் மிகவும் சந்தோஷமாக இருக்கிறாள். உங்களைச் சுத்தமாக மறந்துவிட்டாள். கட்டாயம் வாருங்கள்.’ அத்தனையும் உண்மை.

மண்டப வாசலில் அவனை முதலில் பார்த்தது நான். கையில் பரிசுப் பொட்டலம் இல்லை, ஒரு பாட்டில் இருந்தது. பெண்ணின் அறை எது என்று கேட்டான். வலது பக்கம் என்றேன். வருகிறவர்களுக்கு வழி சொல்லத்தானே என்னை வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

ஊற்றியது அவன். வரவழைத்ததும் வழி காட்டியதும் நான். என்ன செய்வான் என்று தெரிந்தேதான் செய்தேன். நீங்கள் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. அவர் தினமும் ஆஸ்பத்திரிக்கு வருகிறாராம். கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கட்டுப் போட்ட அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். அங்கே பார்க்க இனி என்ன இருக்கிறது, மேடம்?